பெண்கள் ஃபூட்டி சாதனைகள்: எத்தனை ஆட்டத்தில் வந்த எண் என்று முதலில் பாருங்கள்

கேட்டிருந்தது இதுதான்: “ஆஸ்திரேலியப் பெண்கள் ஃபூட்டி லீக்கின் முதல் சீசனில் அதிக கோல் அடித்தவரின் கணக்கு 14. ஆண்கள் லீக்கில் ஒரே சீசனில் 113 கோல் அடித்தவர் இருக்கிறார். எட்டு மடங்கு வித்தியாசம். அப்படியென்றால் பெண்கள் லீக்கில் எதைத்தான் சாதனை என்று எடுத்துக்கொள்வது?”

அந்த எட்டு மடங்கிலிருந்தே தொடங்குகிறேன். லான்ஸ் ஃபிராங்க்ளின் 2008-ல் ஹாதார்ன் அணிக்காக அடித்த 113 கோல், 25 ஆட்டங்களில் வந்தது. டார்சி வெஸ்சியோ 2017-ல் கார்ல்டனுக்காக அடித்த 14 கோல், 7 ஆட்டங்களில். ஏனென்றால் சீசனே அவ்வளவுதான். ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள்: அவருக்கு நாலரை, இவருக்கு இரண்டு. எட்டு மடங்கு இப்போது இரண்டேகால் மடங்காகிவிட்டது. ஆண்கள் ஆட்டத்தில் ஒரு குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கால் பங்கு, 20 நிமிடம், பெண்களுக்கு அந்த முதல் சீசனில் 15 நிமிடம்; பந்து நின்ற நேரத்தைச் சேர்த்துக்கொடுப்பதிலும் பெண்களுக்குக் குறைவு. அதையும் கணக்கில் எடுத்தால் இன்னும் சுருங்கும். ஐம்பது ஓவர் ஆட்டத்து ரன்னை ஐந்து நாள் டெஸ்ட் ரன்னோடு வைத்துப் பேசினால் நம் ஊரில் எட்டாம் வகுப்புப் பையனே சண்டைக்கு வருவான். இங்கே மட்டும் எல்லோரும் அதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள்.

ஃபூட்டி, அதாவது ஆஸ்திரேலியர்களின் சொந்தக் கால்பந்து, பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து. இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பம். நடு இரண்டுக்கு நடுவே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்தில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. ஸ்கோரை 10.3 என்று எழுதினால் பத்து கோல், மூன்று பிஹைண்ட், மொத்தம் 63. ஆண்கள் பக்கத்துக்கு 18 பேர் இறங்குவார்கள், பெண்கள் 16 பேர். பந்தும் ஒரு அளவு சிறியது. கடையில் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும், சின்னது உள்ளங்கையில் நன்றாகப் பிடிபடும்.

இனி ஆட்ட எண்ணிக்கை. இந்த லீக்கில் எதைப் பற்றிப் பேசினாலும் இங்கே வந்துதான் ஆக வேண்டும். 2017, 2018, 2019 மூன்றிலும் ஒரு அணிக்கு லீக் சுற்றில் 7 ஆட்டம். 2020-ல் கொரோனா வந்து 6-லேயே நின்றது. 2021-ல் 9. 2022-ல் இரண்டு சீசன் நடந்தது, தலா 10. 2023-ல் 10, 2024-ல் 11, 2025-ல் 12. கூட்டினால் 89. அதாவது முதல் நாளிலிருந்து காயமே படாமல், ஒரு வாரம்கூட விடாமல் பத்து சீசன் ஆடிய ஒருவர், இறுதிச்சுற்றுக்கே போகாத அணியில் இருந்தால் 2025 முடிவில் அவர் கணக்கு 89-தான். நூறு ஆகாது. ஆண்கள் லீக்கில் பிரென்ட் ஹார்வி 21 சீசனில் 432 ஆட்டம் ஆடினார். அங்கே 100 என்பது ஐந்தாறு வருட வேலை.

அதனால்தான் 2025-ல் முதல் முறையாக 100 ஆட்டக் கோட்டைத் தாண்டியபோது அதைப் பெரிதாகக் கொண்டாடினார்கள். அடிலெய்டின் எபொனி மரினோஃப், பிரிஸ்பேனின் ஆலி ஆண்டர்சன் போன்றவர்கள் அதைத் தொட்டார்கள் என்றால் அதற்கு இரண்டு காரணம். ஒன்று, அவர்கள் உடம்பு தாங்கியது. இன்னொன்று, அவர்கள் அணி வருடாவருடம் இறுதிச்சுற்றுக்குப் போனது. அந்தக் கூடுதல் ஆட்டங்கள் இல்லாமல் நூறு வராது. என் கணக்கில் இது பாதி தனிமனித சாதனை, பாதி அணியின் சாதனை. மரினோஃப் 2017-ல் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது வாங்கியவர். லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவர் கைக்கு வந்தது 2024-ல். நடுவே ஏழு வருடம்.

கோல் கணக்குக்கு வருவோம். சீசனின் முதல் கோல்காரர்களை வரிசையாகப் பாருங்கள்: 2017-ல் வெஸ்சியோ 14, 2018-ல் புரூக் லாக்லண்ட் 12, 2019-ல் ஸ்டீவி-லீ தாம்சன் 14, 2020-ல் கெய்ட்லின் கிரைசர் 10, 2021-ல் மறுபடி வெஸ்சியோ 16, 2022-ன் முதல் சீசனில் ஆஷ்லி உட்லண்ட் 19, அதே ஆண்டின் இரண்டாவது சீசனில் ஜெஸ்ஸி வார்ட்லா 22. ஆட்டக்காரர்கள் தேறினார்கள் என்பது உண்மை. சீசனும் நீண்டது என்பது அதே அளவு உண்மை. வெஸ்சியோ 2022-ல் 50 கோலைத் தொட்டார், லீக்கில் அதுவே முதல் முறை. அதற்கு ஆறு சீசன் ஆயிற்று.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது கணக்கில் குறைந்து தெரிகிற 2018. லாக்லண்ட் அந்த சீசனில் அடித்த 12 கோலில் 7 ஒரே ஆட்டத்தில் வந்தது. வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்காக, என் கார்ல்டனுக்கு எதிராக. (ஆமாம், கார்ல்டன் ஆதரவாளன்தான். இந்தப் பதிலில் இன்னும் ஒரு இடத்தில் அது வலிக்கும்.) அந்தக் காலத்தில் ஒரு முழு அணியே நான்கு கோலோடு ஆட்டம் முடிப்பது வழக்கம், 2017 கிராண்ட் ஃபைனலில் (கோப்பையைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம்) இரண்டு அணியும் அடித்தது தலா நான்குதான். அப்படியிருக்க ஒருவர் தனியாக ஏழு என்றால் யோசித்துப் பாருங்கள். இதற்கு ஆண்கள் லீக் உதாரணமே தேவையில்லை.

முதல் இரவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2017 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை, மெல்பர்னின் பிரின்சஸ் பார்க். கார்ல்டனும் காலிங்வுட்டும். அனுமதி இலவசம். மைதானத்துக்குள் 24,568 பேர் என்று அறிவித்தார்கள். அதற்குமேல் இடமில்லை என்று கேட்டை மூடிவிட்டார்கள். வெளியே குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர்களிடம் லீக்கின் தலைமை நிர்வாகி கில்லன் மெக்லாக்லனே போய் மன்னிப்புக் கேட்டார். பெண்கள் ஆட்டத்துக்கு யார் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மூடிய கேட்டே பதில். உள்ளே காலிங்வுட்டின் ஜாஸ்மின் கார்னர் லீக்கின் முதல் கோலை அடித்தார். அதன்பிறகு காலிங்வுட் அன்றிரவு ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கார்ல்டன் 7.4, காலிங்வுட் 1.5. கார்ல்டனின் ஏழில் நான்கு வெஸ்சியோவுடையது.

இந்தக் கார்னரைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் கோல் என்ற ஒரே வரியோடு வினாடி-வினாக் கேள்வியாக நின்றுபோயிருக்க வேண்டியவர். 2019-ல் புதிதாக வந்த நார்த் மெல்பர்னுக்குப் போனார், நடுக்கள ஆட்டக்காரராக மாறினார், லீக்கின் மிகச் சிறந்தவர்களில் ஒருவரானார், 2024-ல் கோப்பை வென்ற அணியில் இருந்தார். ஆனால் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது மட்டும் இத்தனை வருடத்தில் அவருக்கு வரவில்லை. நடுவர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் 3, 2, 1 என்று போடுகிற ஓட்டில் தீர்மானமாகும் விருது அது. 2025-ல் அதே அணியின் ஆஷ் ரிடெல் வாங்கினார். பக்கத்திலேயே இன்னொரு நட்சத்திரம் இருந்தால் ஓட்டு பிரியத்தான் செய்யும். அந்த விருதை இரண்டு முறை வாங்கியவர் எரின் ஃபிலிப்ஸ் ஒருவரே: 2017, 2019.

கூட்டத்தின் சாதனைகள் தனிக் கதை. 2018 பிப்ரவரியில் பெர்த்தின் ஆப்டஸ் ஸ்டேடியத்தில் ஃப்ரீமேன்டில், காலிங்வுட் ஆட்டத்துக்கு 41,975 பேர் வந்தார்கள். அது எந்தப் பழைய கணக்கை முறியடித்தது தெரியுமா? 1929-ல் அடிலெய்டு ஓவலில் நடந்த பெண்கள் ஆட்டத்துக்கு வந்ததாகப் பதிவான 41,000. எண்பத்தொன்பது வருடம் கழித்து ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். பெண்கள் ஃபூட்டி 2017-ல் பிறந்தது என்று பேசுகிறவர்களிடம் இந்த ஒரு எண்ணைக் காட்டினால் போதும். பிறந்தது லீக்தான், ஆட்டம் அதற்கு முன்பே இருந்தது, இடையில் யாரும் அதற்கு மைதானம் கொடுக்கவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 2019 மார்ச் 31, அதே அடிலெய்டு ஓவலில் கிராண்ட் ஃபைனல்: 53,034 பேர். கூட்ட எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் டிக்கெட் இலவசம். 2021-லிருந்துதான் பத்து டாலர் வாங்க ஆரம்பித்தார்கள். பெர்த்தில் புத்தம்புது ஸ்டேடியத்தைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருப்பார்கள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. இருக்கட்டும், புது ஸ்டேடியத்தை ஆட்டம் இல்லாத நாளிலும் பார்க்கலாமே. ஆனால் இலவச காலத்துக் கூட்டத்தையும் காசு கொடுத்து வந்த பிந்தைய கூட்டத்தையும் ஒரே தராசில் வைத்து “ஆர்வம் குறைந்துவிட்டது” என்று எழுதுவது நியாயமில்லை. எட்டு அணி 18 அணியானபின் ஒரே வாரயிறுதியில் ஒன்பது ஆட்டம் நடக்கிறது, கூட்டமும் பிரிகிறது.

அந்த 2019 கிராண்ட் ஃபைனல்தான் நான் சொன்ன இன்னொரு வலி. அடிலெய்டு 10.3, அதாவது 63. கார்ல்டன் 2.6, வெறும் 18. பதின்மூன்று முறை குறி வைத்து பத்தைக் கோலாக்குவது ஆண்கள் ஆட்டத்திலும் அடிக்கடி காணக் கிடைக்காது. தோற்ற அணியின் ஆளாக இருந்தும் அந்த நாளை நான் மறக்காதது ஸ்கோருக்காக அல்ல.

மூன்றாம் குவார்ட்டர். அடிலெய்டு நன்றாக முன்னால் இருந்தது. எரின் ஃபிலிப்ஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அதிகம் விளக்கத் தேவையில்லாத காயம் அது; ஃபூட்டி பார்க்கிறவர்களுக்கு விழுந்த விதத்திலேயே தெரிந்துவிடும், மூட்டின் நடு நார் போயிற்று என்று. அப்போது அவருக்கு வயது 33. வண்டியில் ஏற்றி வெளியே கொண்டு போகும்போது மைதானம் முழுக்க எழுந்து நின்றது. நானும் டிவி முன்னால் எழுந்து நின்றேன், வீட்டில் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்து மிகச் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் யாருக்கு என்று பார்த்தால், முழு ஆட்டமும் ஆடாத ஃபிலிப்ஸுக்கு. ஊன்றுகோலோடு வந்து வாங்கினார். 2017 கிராண்ட் ஃபைனலிலும் அந்தப் பதக்கம் அவருக்குத்தான்.

ஃபிலிப்ஸின் அப்பா கிரெக், போர்ட் அடிலெய்டின் பெரிய ஆட்டக்காரர். மகளுக்கும் அதே ஆட்டம்தான் உயிர். ஆனால் பதின்மூன்று வயதுக்குமேல் பையன்களோடு ஆட முடியாது, பெண்களுக்கென்று போக இடமும் இல்லை என்ற நிலை. கூடைப்பந்துக்குப் போனார். சும்மா போகவில்லை: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி, அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கில் 2012-லும் 2014-லும் இரண்டு வெவ்வேறு அணிகளோடு கோப்பை. முப்பதைத் தாண்டியபிறகு, லீக் வந்ததும் ஃபூட்டிக்குத் திரும்பி இத்தனையும் செய்தார். கடைசியில் 2022-ல் அப்பாவின் போர்ட் அடிலெய்டுக்கே முதல் கேப்டனாகப் போனார். 2025-ல் ஆஸ்திரேலிய ஃபூட்டியின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்ற புகழ்பெற்றோர் வரிசையில் இடம்பெற்றார். இந்த லீக்கிலிருந்து அங்கே போன முதல் ஆள். அவர் பதினெட்டு வயதிலிருந்தே ஆடியிருந்தால் எண்கள் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் என்னால் சாதனைப் பட்டியலைப் பார்க்க முடிவதில்லை.

அணிகளின் சாதனையில் முதலில் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2020-ல் ஃப்ரீமேன்டில் லீக் சுற்றில் ஆடிய 6 ஆட்டத்தையும் வென்றது. ஆளில்லாத மைதானத்தில் நடந்த இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தையும் வென்றது. ஏழுக்கு ஏழு. மார்ச் 22 அன்று கொரோனாவால் சீசன் ரத்து. கோப்பை யாருக்கும் இல்லை. அந்த வருடத்துக் கட்டம் காலியாகவே இருக்கும்; தோற்காத அணிக்கு அடிக்குறிப்புதான் மிச்சம்.

முழுசாக முடிந்த சீசனில் ஒரு ஆட்டமும் தோற்காமல், சமனும் ஆகாமல் கோப்பை வாங்கிய முதல் அணி 2025-ன் நார்த் மெல்பர்ன். 12 லீக் ஆட்டம், 3 இறுதிச்சுற்று ஆட்டம், பதினைந்தும் வெற்றி. கிராண்ட் ஃபைனலில் பிரிஸ்பேனை 40 புள்ளியில் வென்றது. முந்தைய வருடம் 2024-லும் அவர்கள் தோற்கவில்லை, ஒரே ஒரு ஆட்டம் சமனில் முடிந்தது. அந்தச் சமனுக்குப் பிறகு எண்ணினால் தொடர்ச்சியாக 27 வெற்றி. இது எந்த லீக்கிலும், எந்த அளவுகோலிலும் பெரிய எண். சீசன் சின்னது என்ற சாக்கு இங்கே செல்லாது.

கோப்பை எண்ணிக்கையில் அடிலெய்டு முன்னால்: 2017, 2019, 2022-ன் முதல் சீசன், ஆக மூன்று. ஆனால் என்னைக் கேட்டால் இந்த லீக்கின் மிக விசித்திரமான சாதனை பிரிஸ்பேனுடையது. பத்து சீசனில் ஏழு கிராண்ட் ஃபைனல். வென்றது இரண்டு, 2021-லும் 2023-லும். தோற்றது ஐந்து. அதில் முதல் இரண்டும், 2017-லும் 2018-லும், ஆறு ஆறு புள்ளியில், அதாவது ஒரே ஒரு கோலில். 2022-ன் இரண்டாவது சீசனில் மெல்பர்னிடம் 19-க்கு 15, நான்கு புள்ளி. மூன்று கோப்பை மொத்தம் 16 புள்ளியில் போயிற்று. பயிற்சியாளர் கிரெய்க் ஸ்டார்செவிச் முதல் நாளிலிருந்து 2025 வரை அதே ஆள். புது அணிகள் சேரும்போதெல்லாம் பிரிஸ்பேனிலிருந்துதான் ஆட்களை அள்ளினார்கள். சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய எமிலி பேட்ஸ், 22 கோல் அடித்த வார்ட்லா இருவரும் 2022 முடிந்ததும் வேறு அணிக்குப் போனார்கள். அடுத்த வருடம் பிரிஸ்பேன் கோப்பை வாங்கியது.

வயதைப் பற்றியும் கேட்பீர்கள். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்துக்காரர் கோரா ஸ்டான்டன், அந்த நாட்டின் சொந்தப் பந்தாட்டமான கேலிக் ஃபுட்பாலில் எல்லாம் சாதித்து முடித்துவிட்டு, 36 வயதில் சிட்னியின் மேற்கே உள்ள ஜயன்ட்ஸ் அணிக்கு வந்து இந்த ஆட்டத்தைப் புதிதாகக் கற்றார். நடுவில் கால் எலும்பு உடைந்தது. 2022 முடிய, நாற்பது வயதில், ஆடிக்கொண்டிருந்தார். அவர் திறந்த வழியில் பிறகு அயர்லாந்திலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். கிளேர் மாவட்டத்தின் எய்லிஷ் கான்சிடைன் 2019-ல் கோப்பை வென்ற முதல் அயர்லாந்துக்காரர்.

டெய்சி பியர்ஸ் மெல்பர்னின் முதல் கேப்டன், படிப்பால் பிரசவத் தாதி. 2019 தொடக்கத்தில் அவருக்கே இரட்டைக் குழந்தை பிறந்தது, அந்த சீசனை விட்டார், அடுத்ததில் திரும்பினார், 2022-ன் இரண்டாவது சீசனில் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கிவிட்டு ஓய்வு பெற்றார். இப்போது வெஸ்ட் கோஸ்டின் பயிற்சியாளர். முதல் சீசனில் அடிமட்டச் சம்பள ஒப்பந்தம் 8,500 ஆஸ்திரேலிய டாலர் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள்; வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்து பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள். 2022-ன் இரண்டாவது சீசனில் அந்த அடிமட்டம் 39,184 ஆனது. ஸ்கோர் ஏறியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

பயிற்சியாளர் என்றதும் ஒன்று. 2017-ல் அடிலெய்டுக்குக் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் பெக் காடர்ட் ஒரு பெண். அதற்குப் பிறகு 2025 வரை எட்டு கோப்பை, எட்டும் ஆண் பயிற்சியாளர்களுக்கு. முதல் வருடத்திலேயே தொட்ட மைல்கல்லை யாரும் இரண்டாம் முறை தொடவில்லை. லாரன் ஆர்னெல் இந்த லீக்கில் ஆடிவிட்டுத் தலைமைப் பயிற்சியாளரான முதல் ஆள், போர்ட் அடிலெய்டில். பியர்ஸ் அவர் பின்னால் வந்தார். இருவரில் ஒருவராவது இந்த வரிசையை உடைப்பார்கள் என்பது என் ஆசை, கார்ல்டன் ஆள் சொல்லும் ஆசைக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு.

நீங்களே எண்களைத் தேடப் போகிறீர்கள் என்றால் ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். 2022 என்று போட்டிருந்தால் எந்த 2022 என்று பாருங்கள். கோடைக்காலத்தில் நடந்த லீக்கை ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை என்று மாற்றியபோது ஒரே வருடத்தில் இரண்டு கிராண்ட் ஃபைனல் வந்தது. ஏப்ரலில் அடிலெய்டு, நவம்பரில் மெல்பர்ன். சீசன் 6, சீசன் 7 என்று தேடினால் சரியாகக் கிடைக்கும்.